அறுபத்தொன்று கலங்கியது ஏன்?

இரும்புக் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டபோது, நான் குறிப்பேட்டில் ‘ஈரமான புகையிலை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நொடி விளக்குகள் போயின. சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கிறது. பிறகு இரண்டு சின்னச் சத்தங்கள். க்ளிக். க்ளிக்.

பீப்பாய் மேல் எரிந்துகொண்டிருந்த ஒற்றை மெழுகுவர்த்தி மட்டும் மிச்சம்.

"முதல்ல விழுந்தது என் பூட்டு," என்றார் பெர்நாதே.

"ரெண்டாவது என்னோடது," என்றார் லெஸ்குர்.

"நல்லது. எது யாரோடதுன்னு தகராறு இல்லை," என்றேன். "சாவி ரெண்டும் உங்க பாக்கெட்ல இருக்கு. பூட்டு ரெண்டும் வெளியே தொங்குது. உலகத்துலயே பத்திரமான நிலவறை இதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் என் வாய் தானாக ஓட ஆரம்பிக்கும். அது ஒரு வியாதி.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பயம் இரட்டிப்பாகும்.

நாங்கள் நால்வர். மதாம் காஸ்தேரா: காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் துப்பறிபவர். நாற்பத்தாறு வயது, நரைத்த குட்டை முடி, ஒயின் சுவைக்கும் நாக்குக்காக சிகரெட்டை விட்டவர். ரெமி துப்பூயி: அவருடைய உதவியாளன், அதாவது நான். மூன்று மாதமாக போர்தோவில் ஒயின் சுவைக்கும் மாலை வகுப்புக்குப் போகிறேன். இன்னும் செர்ரி மணத்துக்கும் பிளம் மணத்துக்கும் வித்தியாசம் உறுதியாகத் தெரியாது. எர்வே த லெஸ்குர்: சேந்த் எமிலியோன் மேட்டில் இருக்கும் இந்த த்ரெசாக் மாளிகைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும், தன் தங்கையோடு சேர்ந்து, சொந்தக்காரர். நாலாவது ஆள் பெர்நாதே. முப்பத்தொரு வருடமாக இந்த நிலவறையின் பொறுப்பாளர். இன்று நண்பகலில் போலீஸ் வந்து அழைத்துப்போகப் போவது அவரைத்தான்.

காரணம், 1961.

அந்த வருடம் வசந்தத்தில் பனி விழுந்து பூவில் பாதியைக் கருக்கியதாம். மிஞ்சிய கொஞ்சம் திராட்சை, மொத்தத் தோட்டத்தின் சத்தையும் தனியே குடித்து வளர்ந்தது. இந்த ஊரில் அந்த எண்ணைச் சொல்லும்போது ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். த்ரெசாக்கின் நிலவறையில், அதற்கென்றே குடைந்த கல் மாடத்தில், அந்த வருட ஒயின் எழுபத்தோரு பாட்டில்கள் படுத்திருந்தன. போன திங்கட்கிழமை எண்ணினால் பதினொன்றுதான்.

கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி முதலாளியிடம், ஒன்று பெர்நாதேயிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் நுழைய முடியாது. ஆகஸ்டில் லெஸ்குர் மூன்று வாரம் வெளிநாடு போனார். போகும் நாளில் எண்ணினார்கள், எழுபத்தொன்று. தன் சாவியை உறையில் போட்டு, ஒட்டி, பெர்நாதேயிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆக, அந்த மூன்று வாரம் இரண்டு சாவியும் ஒரே ஆளிடம்.

"உறையைப் பிரிக்கவே இல்லை," என்று பெர்நாதே சொன்னார். "கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்தேன்."

"பிரிச்சு ஒட்டின மாதிரி இருந்துச்சு. அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்," என்று லெஸ்குர் சொன்னார். சாட்சி யாரும் இல்லை.

இன்று காலை மதாம் பெர்நாதேயிடம் கேட்ட ஒரே கேள்வி: "நிலவறைக்கு வேற வழி இருக்கா?"

"இல்லை."

"யோசிச்சுச் சொல்லுங்க. இருக்குன்னு சொன்னா உங்க கழுத்துல இருந்து கயிறு கழலும். இந்த ஊர் மேடே எலி வளை மாதிரிதான், பாதி வீட்டுக்கு அடியில பழைய கல்சுரங்கம் ஓடுது."

"இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது, மதாம்? முப்பத்தொரு வருஷமா ஒவ்வொரு கல்லாத் துடைச்சிருக்கேன்."

லெஸ்குரும் அதையேதான் சொன்னார். "வேற வழி எப்பவுமே இருந்ததில்லை."

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினேன். கூடவே காலையில் நான் செய்த வேலைகளையும். ஒன்று, அளவு நாடா வாங்கினேன். இரண்டு, பறித்த திராட்சையைக் குளிர வைக்கும் உலர்பனியில் ஒரு பெட்டி, அறுவடைக் கொட்டகையில் கேட்டு வாங்கினேன். ஆய்வுக்கு எடுக்கும் மாதிரிகளுக்கு என்றார் மதாம். மூன்று, ஒன்பது மணிக்கு இருவரையும் கதவைத் திறக்க வைத்து, மதாம் அந்தப் பெட்டியோடு தனியாகக் கீழே போய் அளவெடுக்கும்வரை, நான் வாசலில் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் திறமைக்கு ஏற்ற வேலை.

பத்தரை மணிக்கு நால்வரும் இருபத்திரண்டு படி இறங்கினோம். சுவைப்பதற்கு அதுதான் நேரம். வயிறு காலி, நாக்கு விழித்திருக்கும். மிச்சமிருக்கும் பதினொன்றும் அசல் 1961தான் என்று மதாம் சான்று கொடுத்தால்தான், காணாமல் போன அறுபதுக்கும் அந்த மதிப்பில் காப்பீடு கிடைக்கும். அந்தச் சான்றைக் கேட்டது லெஸ்குர்.

பாட்டில்களில் பெயர்ச்சீட்டு கிடையாது. வெளியே போகும் நாளில்தான் ஒட்டுவார்கள். அதுவரை எல்லாம் அம்மணமாகப் படுத்திருக்கும். பெர்நாதே ஒன்றை மாடத்தில் படுத்திருந்த சாய்வு மாறாமல் தொட்டில் கூடைக்கு மாற்றி, கூடையை என் கையில் கொடுத்தார்.

"பிரசவ வார்டுல நடக்கிற மாதிரி நட, தம்பி."

மாடத்திலிருந்து பீப்பாய்க்கு ஆறு எட்டு. எண்ணி வைத்தேன். நாலாவது எட்டில் கால் கொஞ்சம் வழுக்கியது. யாரும் பார்க்கவில்லை.

பெர்நாதே தக்கையை உருவினார். அது நீளமாக, ஒடியாமல் வந்தது. "நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மாத்தின தக்கை," என்றார். "ஒரு பாட்டிலைப் பலி கொடுத்து, மத்ததுல குறைஞ்சிருந்ததை நிரப்பினோம். அப்புறம் யாரும் இதைத் தொடலை." மெழுகுவர்த்தியைப் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே வைத்தார். பழைய ஒயினின் அடியில் கசடு படிந்திருக்கும். சுடர் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே குடுவையில் ஊற்ற வேண்டும்; கழுத்துக்குக் கசடு வந்ததும் நிறுத்த வேண்டும்.

அவர் ஊற்ற ஆரம்பித்தவுடனே நிறுத்தினார்.

"என்ன ஆச்சு?" என்றார் லெஸ்குர்.

"கலங்கியிருக்கு, முதலாளி."

சுடருக்கு முன்னால் ஒயின் தெளிந்த செங்கல் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தது, மழை நாளில் ஆற்று நீர் மாதிரி. அதில் மெல்லிய தூசு மிதந்தது. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அறுபது வருடத்துக்கு மேல் காத்திருந்த ஒயினை நாலாவது எட்டில் நான் கொன்றுவிட்டேன்.

"மதாம், அது வந்து, என் கால்..."

"சும்மா இரு, ரெமி." மதாம் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு மாடத்துக்குப் போனார். யாரும் தொடாமல் படுத்திருந்த அடுத்த பாட்டிலின் பின்னால் சுடரைப் பிடித்தார். அதுவும் கலக்கல். அதற்கடுத்ததும். பத்தும்.

எனக்குப் போன உயிர் திரும்பியது. மதாம் மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கட்கிழமை எண்ணினோமே, அதுல அசைஞ்சிருக்கும்," என்றார் லெஸ்குர்.

"எண்ணினோம், தொடலையே!" பெர்நாதேக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிக்கண்ணாடியை விரலால காட்டித்தான் எண்ணுவோம். என் நிலவறையில பாட்டிலைத் தூக்கி எண்ணுறவன் கையை ஒடிப்பேன். இது யாரோ எடுத்து வச்ச கலக்கல். தூசு இவ்வளவு மெல்லிசா மிதக்குதுன்னா, பத்து நாள்கூட ஆகியிருக்காது."

"பத்து நாளா?" என்றார் மதாம். இன்றைக்குத் தேதி செப்டம்பர் இருபத்தெட்டு.

"சத்தியமா, மதாம்."

"கசடு நீதிமன்றத்துல சாட்சி சொல்லுமா?" லெஸ்குர் சிரித்தார். "கலங்கினாலும் அறுபத்தொன்று அறுபத்தொன்றுதான். சுவைச்சுப் பாருங்க. பன்னிரண்டு மணிக்கு ஆள் வந்துடும்."

சுவைத்தோம். முதலில் எழுது, அப்புறம் வாயைத் திற என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். மூக்கை விட்டேன். சிகரெட் தீர்ந்துபோன பழைய சிகரெட் பெட்டி. மழைக்கு அடுத்த நாள் காட்டில் இலைகளுக்கு அடியில் காளான். கொஞ்சம் இரும்பு. வாயில், கசட்டின் பொடி நாக்கில் உரசினாலும், அதைத் தாண்டி ஒன்று வந்தது. இனிப்பு என்று சொல்ல முடியாது. இனிப்பு இருந்த இடம். விழுங்கக் கூடாது என்று தெரிந்தும் கொஞ்சம் விழுங்கினேன். பெர்நாதே தன் வாய்க்குள் ஒருமுறை சுழற்றி, மரத்தூள் பெட்டியில் நேராகத் துப்பினார். வேலை நேரத்தில் அவர் விழுங்கியதே இல்லையாம்.

"அசல்," என்றார் மதாம். "சந்தேகமே இல்லை."

லெஸ்குர் மூச்சை விட்டார். நான் ‘ஈரமான புகையிலை’ எழுதி, கேள்விக்குறியைப் போட்டேன். அப்போதுதான் கதவு சாத்தப்பட்டது.

"யாருய்யா அது?" லெஸ்குர் படியேறி ஓடிக் கதவை அறைந்தார். "ஏய்! உள்ளே ஆள் இருக்கு!" நாலு விரல் கனத்துக்கு இரும்பு. சுற்றிலும் சுண்ணாம்புக் கல். மேலே அறுவடைக் கூட்டத்தின் டிராக்டர் சத்தம்கூட இங்கே இறங்காது.

"என் போன்ல ஒன்பது சதவீதம்," என்றேன். "சிக்னல் இல்லை. டார்ச் அடிக்க ஆகும், உயில் எழுத ஆகாது."

"பன்னிரண்டு மணிக்குப் போலீஸ் வந்தா தேடுவாங்க," என்றார் மதாம். "ஒரு மணி நேரம்தான். உக்காருவோம்."

"உக்காரக் கூடாது!" என்றார் பெர்நாதே.

அவர் குரல் மாறியிருந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

"தலைக்கு மேல தொட்டிக் கூடம். ரெண்டு தொட்டி நேத்து ராத்திரியிலேர்ந்து பொங்குது. கதவு திறந்திருந்தா, மின்விசிறி ஓடினா, பயமில்லை. விசிறியும் அந்த சுவிட்ச்லதான்." அவர் மெழுகுவர்த்தியை எடுத்தார். உடனே மதாமிடம் நீட்டினார். "மதாம், நீங்க பிடிங்க. எனக்கு முடியலை."

அறுவடை மாதத்தில் இந்த ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திராட்சைச் சாறு பொங்கும்போது கரியமில வாயு கிளம்பும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் தேடி இறங்கும். அதனால் தொட்டிக்குள் இறங்குமுன் ஒரு சுடரை இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் அணைந்தால் ஆள் இறங்க மாட்டான். அணைந்ததைப் பார்க்காமல் இறங்கியவன் ஏறி வர மாட்டான்.

மதாம் அறையின் கடைசிக்கு, தரை சரிந்து போகும் வடிகால் பக்கம் நடந்தார். குனிந்து மெழுகுவர்த்தியை மெதுவாக இறக்கினார். முழங்கால். பிறகு ஆடுசதை. கணுக்காலுக்கு வந்ததும் சுடர் குட்டையானது, நீலமானது, இல்லாமல் போனது.

இருட்டு.

நான் டார்ச்சைப் போட்டேன். பெர்நாதேயின் முகம் சுண்ணாம்புச் சுவரின் நிறத்தில் இருந்தது.

"என் மச்சான் இப்படித்தான் போனான்," என்றார். "காலணி தொட்டிக்குள்ள விழுந்துச்சு, எடுக்க இறங்கினான். ரெண்டு நிமிஷம். சிரிச்ச மேனிக்கே கிடந்தான்."

மதாம் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து, தலை உயரத்தில் தீக்குச்சி கிழித்து மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினார். அங்கே நன்றாகவே எரிந்தது. "குச்சி இன்னும் மூணு இருக்கு," என்றார்.

"பீப்பாய் மேல ஏறுங்க எல்லாரும்," என்றார் பெர்நாதே. "தம்பி, நீ இதுல ஏறு, இதுதான் உசரம்."

"நீங்க?"

"நான் கதவைத் தட்டுறேன்." மரச் சுத்தியை எடுத்துக்கொண்டு படியேறினார். அடித்தார். கல்லுக்குள் அடிப்பது மாதிரி இருந்தது.

பீப்பாய் மேல் நின்றால் கூரை தலையை இடித்தது. குனிந்தபடி நின்றேன். நன்றாக மூச்சு வந்தது. வந்ததாலேயே அது கடைசி நல்ல மூச்சோ என்று தோன்றியது. என் எடை எவ்வளவு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதியில் விட்டுவிட்டேன், விடை எதுவானாலும் பிடிக்காது.

"பெர்நாதே, இது உன் வேலைதானே?" லெஸ்குர் பீப்பாய் மேலிருந்து கத்தினார். "வெளியில யாரை வச்சுப் பூட்டச் சொன்ன?"

"முதலாளி, நானும் உள்ளேதானே நிக்கிறேன்! என்னைவிட நீங்க உசரத்துல வேற நிக்கிறீங்க!"

"கடைசியாக் கேக்கிறேன்," என்றார் மதாம். "இங்கேருந்து வேற வழி?"

"இருந்தா நான் ஏன் சுத்தியலோட சாகப்போறேன்?" என்றார் பெர்நாதே.

"மெஸ்யே லெஸ்குர்?"

"அதெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே அடைச்சாச்சு."

டார்ச்சை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிய பிறகுதான் உறுத்தியது. காலையில் ‘எப்பவுமே இருந்ததில்லை’ என்றார். இப்போது ‘அடைச்சாச்சு’ என்கிறார். இல்லாததை எதற்கு அடைக்க வேண்டும்? ஒருவேளை நான்தான் காலையில் தப்பாக எழுதினேனோ? சாகப்போகும் மனிதனின் வாக்கியத்தைப் பிடித்துத் தொங்குவது முறையா? மதாமைப் பார்த்தேன். அவர் மறுபடியும் வடிகால் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

மெழுகுவர்த்தி இறங்கியது. இடுப்பு. தொடை. முழங்காலுக்கு வந்ததும், சட்டென்று அணைந்தது.

"ஏறிடுச்சு," என்றார் மதாம், அமைதியாக. "அஞ்சு நிமிஷத்துல கணுக்கால்லேருந்து முழங்கால். ரெமி, இதே கணக்குல கழுத்துக்கு எப்போ?"

"மதாம், எனக்குக் கணக்கு வராது. தயவுசெஞ்சு வர வைக்காதீங்க."

ஒரு பீப்பாய் உருண்டது. லெஸ்குர் கீழே குதித்திருந்தார். நான் டார்ச்சைப் போட்டு அவர் பக்கம் திருப்பினேன். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, நேராக 1961 மாடத்துக்கு ஓடினார். அது இடுப்பு உயரத்தில் இருக்கிறது. இரண்டிரண்டாகப் பாட்டில்களை உருவித் தரையில் நிறுத்த ஆரம்பித்தார்.

"நிக்க வைக்காதீங்க!" பெர்நாதே படியிலிருந்து அலறினார். "படுக்க வைங்க, முதலாளி! தக்கை காஞ்சுடும்!"

"வாயை மூடு! வெளிச்சம் காட்டு, இங்கே!"

பத்தாவது பாட்டிலும் வெளியே வந்தது. லெஸ்குர் தோள்வரை கையை விட்டு எதையோ பற்றி இழுத்தார். மாடத்தின் பின்சுவர், முப்பத்தொரு வருடம் பெர்நாதே கல்லென்று நம்பிய பின்சுவர், ஒரு பலகையாக நகர்ந்தது. முன்பக்கம் சுண்ணாம்புக் கல்லைச் சீவி ஒட்டிய பலகை. உள்ளேயிருந்து சில்லென்று காற்று வந்து என் கழுத்தில் பட்டது. லெஸ்குர் தலையை நுழைத்தார், தோளை நுழைத்தார்.

அங்கே சிக்கிக்கொண்டார். போன தடவை அவசரமில்லாமல், கோட்டைக் கழற்றிவிட்டுப் போயிருப்பார்.

மதாம் தீக்குச்சி கிழித்தார். சுடர் மாடத்துக் காற்றில் சாய்ந்து எரிந்தது.

"ரெமி, மணி?"

"பதினொன்னு ஏழு."

"எழுதிக்கோ. பதினொன்னு ஏழுக்கு வழியைத் திறந்தது மெஸ்யே லெஸ்குர். தன் கையால, யாரும் காட்டாம." பெர்நாதேயின் கையிலிருந்து சுத்தியை வாங்கி, படியேறி, கதவில் மூன்று தட்டு தட்டினார். மூன்றே.

கதவு திறந்தது. விளக்குகள் எரிந்தன. வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் கையில் இரண்டு ஜோடி கைவிலங்கு.

"க்ளிக் சத்தம் சரியா வந்துச்சா, மதாம்?" என்றார் அவர்.

வெளியே எட்டிப் பார்த்தேன். பூட்டுகள் இரண்டும் கொக்கியில் திறந்தபடியே தொங்கின.

பெர்நாதே படியில் உட்கார்ந்துவிட்டார். "என் பூட்டோட சத்தம்னு சொன்னேனே நான்," என்றார்.

லெஸ்குரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவர் இருமிக்கொண்டே, "வாயு... வாயு இருந்துச்சே," என்றார்.

"கணுக்கால்ல அணைஞ்சது நிஜம்," என்றார் மதாம். "வடிகால் குழியில ஒரு பெட்டி உலர்பனி கரைஞ்சுக்கிட்டு இருக்கு. உலர்பனின்னா உறைஞ்ச கரியமில வாயுதானே. இவ்வளவு பெரிய அறைக்கு அது பாதம் நனையுற அளவு, அவ்வளவுதான். முழங்கால்ல அணைஞ்சது, நான் ஊதினது."

நான் தூக்கி வந்த பெட்டி. மாதிரிகளுக்கு என்றார். நாங்கள் மாதிரியே எடுக்கவில்லை என்பது, குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருந்தும், எனக்கு உறைக்கவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றேன்.

"உன் முகத்தை வச்சு சீட்டுக்கூட ஆட முடியாது, ரெமி. ஆனா பயப்பட்டது அருமை. நடிச்சா வராது."

லெஸ்குர் பல்லைக் கடித்தார். "என் வீட்டுல ஒரு ஓட்டை இருக்கு. அதுக்கு என்ன? தெரிஞ்சிருந்தா குற்றமா?"

"ஓட்டையைத் தேடினா ஓட்டைதான் கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டான். அதான் தேடலை, உங்களையே காட்ட வச்சேன்," என்றார் மதாம். "எந்த ஓட்டைன்னு உங்க ஒயினே சொல்லிடுச்சு. அறுபதைத் திருடினவன், விட்டுட்டுப் போன பதினொன்னை ஏன் தூக்கணும்? திருடன் தேவையில்லாததைத் தொட மாட்டான். அது அவன் வழியில கிடந்திருக்கு. எடுத்து ஓரமா வச்சுட்டு, வேலை முடிஞ்சதும் திரும்ப அடுக்கியிருக்கான். அப்போ வழி அதுக்குப் பின்னால. பத்து நாளைக்குள்ள நடந்ததுன்னா, பெர்நாதே கையில ரெண்டு சாவி இருந்த ஆகஸ்டுல இல்லை. அப்புறம், பதினொன்னை ஏன் விட்டுவச்சான்? சான்றுக்குச் சுவைச்சுக் காட்ட ஒயின் வேணும். அது யாருக்கு வேணும்?"

லெஸ்குரின் பார்வை மாடத்துப் பக்கம் ஓடியது.

நான் மாடத்துக்குள் டார்ச்சை நீட்டினேன். நாலு சதவீதம். பழைய சுரங்கப் பாதையில், ஈர மணலில், மரப்பெட்டிகள். எண்ணினேன், ஐந்து. ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டு. என்மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை எண்ணினேன். ஐந்துதான்.

"தங்கச்சிக்குப் பங்கு போகக் கூடாது, காப்பீடும் வேணும், ஒயினும் வேணும்," என்றார் மதாம். "மூணுக்கும் சேர்த்து ஒரு ஆள் ஜெயிலுக்குப் போகணும்."

லெஸ்குரின் பாக்கெட்டிலிருந்த சாவியைப் போலீஸ்காரர் எடுத்து மதாமிடம் கொடுத்தார். பிறகு மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. க்ளிக். இந்த முறை ஒன்றுதான்.

அவர்கள் அவரை மேலே கூட்டிப்போன பிறகும் பெர்நாதே எழுந்திருக்கவில்லை. மதாம் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"என் மச்சானைப் பத்திச் சொன்னப்பகூட நீங்க வாயைத் திறக்கலை," என்றார் பெர்நாதே.

"திறந்திருந்தா அவர் சுவரைத் திறந்திருக்க மாட்டார்."

"தெரியுது. ஆனாலும்."

"ஆமா. ஆனாலும்," என்றார் மதாம். "என்னை மன்னிச்சுடுங்க."

 பெர்நாதே எழுந்து போய், தரையில் நின்ற பத்துப் பாட்டில்களையும் ஒவ்வொன்றாக மாடத்தில் படுக்க வைத்தார். பின்சுவர் இல்லாத இடத்தை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தார். "ஒரு வருஷம் யாரும் இதுகளைத் தொடக்கூடாது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

குடுவையில் மிச்சமிருந்த 1961 பீப்பாய் மேல் நின்றது. கசடு மெல்ல அடியில் இறங்கத் தொடங்கியிருந்தது. "குடிக்கலையா?" என்றேன்.

"மேல ரெண்டு தொட்டி பொங்குது, தம்பி. மத்தியானத்துக்குள்ள கிளறி விடணும்."

வெளியே வந்தோம். வெயில் கண்ணில் குத்தியது. டிராக்டர் சத்தம், யாரோ யாரையோ திட்டும் சத்தம், திராட்சைத் தோலின் புளித்த வாசனை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. இவ்வளவு மூச்சு உலகத்தில் இருக்கிறதா என்றிருந்தது.

பெர்நாதே தன் பூட்டைப் போட்டார். மதாம் லெஸ்குரின் சாவியை நீட்டினார். "இதையும் நீங்களே வச்சுக்கங்க. அவர் தங்கச்சி சாயங்காலம் வந்துடுவாங்க."

அவர் முதலாளியின் பூட்டையும் போட்டுப் பூட்டினார். இரண்டு சாவியும் அவர் உள்ளங்கையில் கிடந்தன. நெருப்பைப் பிடித்த மாதிரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு, மதாம்," என்றார். "ஒரு ஆள்கிட்ட ரெண்டு சாவி இருக்கக் கூடாது."

"இனிமே உங்களை யார் சந்தேகப்படப் போறாங்க?"

"அதுக்கில்லை." என் பக்கம் திரும்பினார். "தம்பி, உறை ஏதாவது இருக்கா?"

இல்லை. குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்தேன். ‘ஈரமான புகையிலை?’ எழுதிய தாள். பெர்நாதே முதலாளியின் சாவியை அதற்குள் வைத்து, மதாமின் மெழுகுவர்த்தியை வாங்கி ஏற்றி, நாலு சொட்டு மெழுகு விட்டு ஒட்டினார். மெழுகு ஆறும்வரை ஊதினார்.

"மேல கையெழுத்துப் போடுங்க, மதாம்," என்றார். "மணியையும் எழுதுங்க. இந்தத் தடவை சாட்சி இருக்கட்டும்."